அயலான் எந்தக் கரையில் இறங்குகிறான்?

மூன்று பேருக்கு 36 பவுன். ஆளுக்கு 12. ஹெச்.ஜி. வெல்ஸ் எழுதி 1898ல் புத்தகமாக வந்த ‘த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ என்ற செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாவலில், லண்டனை விட்டு ஓடிவந்த இரண்டு பெண்களும் ஓர் இளைஞனும் எசெக்ஸ் கடற்கரையில் பேரம் பேசி முடித்த படகுக்கூலி அது. நீராவிப் படகு பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்துக்குப் போகிறது. பின்னால் தீக்கதிர் வீசும் மூன்றுகால் இயந்திரங்கள் கடலுக்குள்ளேயே இறங்கி வருகின்றன.

தனுஷ்கோடிப் பக்கத்து ஆள் இந்த அத்தியாயத்தைப் படித்தால் தீக்கதிர் அப்புறம்தான் கண்ணில் படும். கூலிதான் முதலில் உறுத்தும். 1983க்குப் பிறகு அக்கரையிலிருந்து இப்படிக் கூலி கொடுத்து வந்தவர்கள் எத்தனையோ பேர். 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதாரம் விழுந்தபோதும் வந்தார்கள். படகுக்காரர் மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். கைக்குழந்தையோடு நிற்பவர்களைக் கடலோரக் காவல்படை வந்து ஏற்றிக்கொள்ளும். வெல்ஸ் செய்த வேலை இதுதான்: உலகில் கால்வாசியை ஆண்டுகொண்டிருந்த ஊர்க்காரர்களைப் படகுக்குப் பேரம் பேசும் அகதிகளாக்கிக் காட்டினார். அதை ஒளித்தும் வைக்கவில்லை. முதல் அத்தியாயத்திலேயே, செவ்வாய்க்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் டாஸ்மேனியப் பழங்குடிகளுக்கு நாம் செய்ததை நினைத்துப்பாருங்கள் என்று வாசகனிடம் சொல்லிவிடுகிறார்.

வேற்றுக்கிரகப் படையெடுப்புப் படங்களை அரசியலாகப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. அரைப்பக்கத் தாளும் ஒரு கடிகாரமும் போதும். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டே பாருங்கள். எங்கே இறங்குகிறான்? வந்தவன் யார் என்று ஊருக்கு விளக்கிச் சொல்வது யார்: ராணுவமா, விஞ்ஞானியா, டிவியா, பூசாரியா? வந்தவன் என்ன கேட்கிறான்? கடைசியில் எதனால் சாகிறான்? ஒவ்வொன்றுக்கும் எத்தனையாவது நிமிடம் என்று பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கேட்பு வெளியே வருவதற்குள் குண்டு போட்டுவிட்டார்கள் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

நான்கிலும் கனமானது கடைசிக் கேள்வி. வெல்ஸின் செவ்வாய்க்காரன் பூமியின் கிருமிகளால் சாகிறான். வெப்ப நாடுகளில் சிப்பாய்களைத் துப்பாக்கியைவிடக் காய்ச்சலுக்கு அதிகம் பறிகொடுத்த பேரரசுக்கு இந்த முடிவு நன்றாகவே புரிந்திருக்கும். 1953ல் இதே கதை கலிபோர்னியாவுக்குப் போய்ப் படமானபோது நடுவில் ஓர் அணுகுண்டு வந்தது. போட்டுப் பார்க்கிறார்கள், பலிக்கவில்லை. ஜனங்கள் தேவாலயத்துக்குள் நிற்கும்போது எதிரி தானாக விழுகிறான். கையில் இருக்கும் ஆகப்பெரிய ஆயுதமே உதவாமல் போனால் என்ன செய்வது என்ற பனிப்போர்க் காலத்துப் பயத்துக்கு அந்தப் படம் கடவுளைப் பதிலாகக் கொடுத்தது. 1996ல் வந்த ‘இண்டிபென்டன்ஸ் டே’யில் மடிக்கணினியிலிருந்து ஏற்றிய வைரஸ் எதிரியை வீழ்த்துகிறது. அந்த வருஷங்களில் அமெரிக்காவுக்கு எதைப் பற்றிப் பெருமை அதிகம் என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டாம்.

2002ல் வந்த ‘சைன்ஸ்’ படத்தில் வேற்றுக்கிரகவாசிக்குத் தண்ணீர்தான் விஷம். எடுத்தவர் நம் மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளன். முக்கால்வாசி கடல் உள்ள கோளத்தைத் தேடி அவன் ஏன் வந்தான் என்று உலகமே சிரித்தது. ராமநாதபுரத்தில் அதற்கு உடனே பதில் கிடைக்கும். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று அதிகாரிகள் மிரட்டுகிற மாவட்டம் இருக்கும்போது அவனுக்கு இறங்க இடமா இல்லை? கரையோரம் ஒதுங்காமல் உள்நாட்டில் தங்கினால் பிழைத்துக்கொள்வான்.

எங்கே இறங்குகிறான் என்ற கேள்வியில் ஒரு வழுக்கல் உண்டு. பெரும்பாலும் படம் எடுத்தவனின் தலைநகரத்தில்தான் இறங்குவான். 1951ல் வந்த ‘த டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் பறக்கும் தட்டு வாஷிங்டனில் இறங்குகிறது. பரிசுப்பொருளை நீட்டியவனை, பதறிப்போன ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. எங்கே இறங்கினான் என்பதோடு எந்த ஊர் வாய் திறக்கவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இண்டிபென்டன்ஸ் டே’யில் மற்ற நாடுகளின் படைகள் பாலைவனத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. அமெரிக்காவிலிருந்து மோர்ஸ் தந்தியில் திட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்கு உயிர் வருகிறது. சோவியத் யூனியன் கலைந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. உலகம் யார் உத்தரவுக்குக் காத்திருக்கிறது என்பதில் படம் எடுத்தவர்களுக்குத் துளியும் சந்தேகமில்லை. அமெரிக்க அதிபரே போர்விமானம் ஓட்டுகிறார். நம்மூர்ப் படங்களில் நாயகனே முதலமைச்சராவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதே கதையின் இரண்டாம் பாகம் 2016ல் வந்தது. நிலாவில் தளம், தளத்துக்குச் சீனத் தளபதி, விமானமோட்டியாகச் சீன நடிகை, குடிப்பதற்குச் சீனப் பால். இருபது வருஷத்தில் மாறிய அரசியலை இவ்வளவு மலிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. இதில் கொள்கை ஒன்றும் இல்லை, டிக்கெட் எங்கே விற்கிறதோ அங்கே சலாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையோடு நடக்கும் பேரமும் இதே வகைதான். கப்பல், ஹெலிகாப்டர், சிப்பாய்களைப் படப்பிடிப்புக்குக் கொடுப்பார்கள். பதிலுக்குக் கதையைப் பார்த்து மாற்றம் சொல்வார்கள். 1996 படத்துக்கு உதவி மறுக்கப்பட்டது. ‘ஏரியா 51’ என்ற ரகசியத் தளத்தைக் கதையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், தயாரிப்பாளர்கள் எடுக்கவில்லை. ஆகவே படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பெயர்ப்பட்டியலில் எந்தப் படைப்பிரிவுக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்த வாசிப்பு எங்கே தப்பாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தப்பு, தேதியைப் பார்த்து முடிச்சுப் போடுவது. வந்திறங்கிய வேற்றுக்கிரகவாசிகளின் மொழியைப் படிக்கப் போராடும் ‘அரைவல்’ அமெரிக்காவில் வெளியானது 2016 நவம்பர் 11, டிரம்ப் ஜெயித்த தேர்தலுக்கு மூன்றாம் நாள். தேர்தலுக்குச் சொன்ன பதில் என்று எழுதித் தள்ளினார்கள். படம் பிடித்தது 2015ல். லண்டன் குடியிருப்புப் பையன்கள் வேற்றுக்கிரக மிருகங்களை அடித்து விரட்டும் ‘அட்டாக் த பிளாக்’ 2011 மே மாதம் வந்தது. லண்டன் கலவரம் ஆகஸ்டில் நடந்தது. படம் ஆரூடம் சொல்லவில்லை. இரண்டும் ஒரே புழுக்கத்தில் வெந்தவை, அவ்வளவுதான். வெளியீட்டுத் தேதியிலிருந்து ஒன்றரை, இரண்டு வருஷம் பின்னால் போய் அன்றைய செய்தித்தாளைப் புரட்டுங்கள்.

இரண்டாவது தப்பு, ஒரு படத்துக்கு ஒரே அர்த்தம் என்று ஆணியடிப்பது. 1956ல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாச்சர்ஸ்’ படத்தில் ஊர்க்காரர்கள் தூங்கும்போது காய்களிலிருந்து முளைக்கும் நகல்கள் அவர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முகம் அதே, குரல் அதே, பாசம் மட்டும் இல்லை. கம்யூனிஸ்ட் ஊடுருவலைச் சொல்கிறது என்று ஒரு கட்சி. பக்கத்துவீட்டுக்காரனைக் கம்யூனிஸ்ட் என்று காட்டிக்கொடுக்க வைத்த மெக்கார்த்தி காலத்தைச் சொல்கிறது என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் படத்தில் இடம் இருக்கிறது. ஸ்டுடியோவே பயந்துபோய் ஒரு முன்கதையும் பின்கதையும் ஒட்டி முடிவை மென்மையாக்கியது. ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தால் அங்கேதான் பயம் இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பீதிக்கதைகளை அப்படியே நம்புவது. 1938 அக்டோபர் 30ல் நடிகர் ஆர்சன் வெல்ஸ் அந்த ஹெச்.ஜி. வெல்ஸ் நாவலை வானொலிச் செய்தி மாதிரி நடித்ததைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்பார்கள். பயந்தவர்கள் உண்டு. தேசமே ஓடியது என்பது மறுநாள் பத்திரிகைகள் ஊதியது. விளம்பரத்தை அள்ளிக்கொண்டிருந்த வானொலி மேல் பத்திரிகைக்காரர்களுக்கு அப்போது இருந்த கடுப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐரோப்பாவில் போர் மூளுமோ என்றிருந்த மியூனிக் நெருக்கடிக்காக நிகழ்ச்சிகளை இடைநிறுத்தி இடைநிறுத்திச் செய்தி வாசித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கேட்டவர்கள் சிலர் வந்தவன் ஜெர்மன்காரன் என்றே நினைத்தார்கள்.

இனி நம் கடற்கரைக்கு. ஊருக்குத் திரைகட்டிப் போட்டுக்காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இங்கே ஒரே ஒரு படம்தான் போட முடியும் என்றால் வேற்றுக்கிரகப் படத்தை விட்டுவிட்டு 1954ல் ஜப்பானில் இஷிரோ ஹோண்டா எடுத்த ‘கோஜிரா’வைப் போடச் சொல்வேன். 96 நிமிடம், கறுப்பு வெள்ளை. பூதம் வானத்திலிருந்து வரவில்லை, கடலிலிருந்து வருகிறது. ஆனாலும் படையெடுப்புப் படங்களின் எலும்புக்கூடு அத்தனையும் இதில் இருக்கிறது. அரசியல் இதைவிடப் பச்சையாக வேறெதிலும் இல்லை. 1954 மார்ச் 1ல் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. 15 மெகாடன், கணக்குப் போட்டதைவிட இரண்டரை மடங்கு. தடைசெய்த எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் ஃபுகுரியு மாரு’ என்ற படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் 23 பேர். வானொலி இயக்கிய ஆள் செப்டம்பர் 23ல் இறந்தார். ஜப்பானில் மீன் வாங்க ஆள் இல்லை, பிடித்த சூரையைப் புதைத்தார்கள். நவம்பர் 3ல் படம் வெளியானது. முதல் காட்சியிலேயே ஒரு படகு. மேல்தட்டில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் வாத்தியம் வாசிக்கிறார். வெளிச்சம் அடிக்கிறது, படகு எரிகிறது.

அதற்கடுத்து வரும் ஒரு காட்சியில் பெரும்பாலான விமர்சகர்கள் நிற்பதில்லை. கப்பல் கம்பெனி அலுவலகத்தில் காணாமல்போனவர்களின் வீட்டார் முண்டியடித்து நிற்கிறார்கள். யார் பிழைத்தார், பெயர் சொல், எப்போது தெரியும் என்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கும் தெரியாது. கடலுக்குப் போன படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பாத ராத்திரி பாம்பனிலோ ராமேஸ்வரம் மீன்பிடித் துறையிலோ டோக்கன் நம்பரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு அது பூதப்படமாகவே தெரியாது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தாதீர்கள். விளக்கமும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு காட்சியில் ரயிலில் போகிறவர்கள் கதிர்வீச்சு ஏறிய சூரை மீனைப் பற்றி அலுத்துக்கொள்கிறார்கள். 1956ல் அமெரிக்காவுக்குப் போன பதிப்பு 80 நிமிடமாகச் சுருங்கி, ஓர் அமெரிக்க நிருபர் பாத்திரம் நடுவில் செருகப்பட்டு, இந்த மாதிரிப் பேச்சுகள் போய்விட்டன. போட்டுக்காட்டும் முன் உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று ஓடும் நேரத்தைப் பாருங்கள். 80 என்றால் அரசியல் வெட்டுப்பட்டது.

அதே ஹோண்டா 1957ல் எடுத்த ‘மிஸ்டீரியன்ஸ்’ படத்தில் வந்தவர்கள் பணிவாகவே கேட்கிறார்கள்: மூன்று கிலோமீட்டர் ஆரத்துக்கு நிலம், பூமிப் பெண்களை மணக்க உரிமை. அமெரிக்க ஆதிக்கம் 1952ல் முடிந்தும் ராணுவத் தளங்கள் இருந்த நாட்டில் இந்தக் கேட்பு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. மூன்று கிலோமீட்டர் ஆரம் என்றால் சுமார் 7,000 ஏக்கர். கச்சத்தீவு 285 ஏக்கர். அதற்கே 1974, 1976 ஒப்பந்தங்களின் பேச்சு இன்னும் ஓயவில்லை என்று சொன்னால், இங்கே எந்தப் பையனுக்கும் அந்தப் படம் புரிந்துவிடும்.

‘டிஸ்ட்ரிக்ட் 9’ இங்கே போடவேண்டிய இரண்டாவது படம். 2009, நீல் ப்ளோம்காம்ப், 112 நிமிடம். வேற்றுக்கிரகக் கப்பல் ஜோகன்னஸ்பர்க் மேல் பழுதாகி நிற்கிறது, பட்டினி கிடந்தவர்களை இறக்கி முகாமில் போடுகிறார்கள், முகாம் சேரியாகிறது, இருபத்தெட்டு வருஷம் கழித்துக் காலி செய்யச் சொல்கிறார்கள். பெயரே கேப்டவுனின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ நினைவு. 1966ல் அதை வெள்ளையருக்கான பகுதி என்று அறிவித்து 60,000 பேருக்கு மேல் அங்கிருந்து அகற்றினார்கள். படத்தில் கவனிக்கவேண்டியது துப்பாக்கிச் சண்டை இல்லை, எழுதும் அட்டை. காலி செய்யும் நோட்டீசில் கையெழுத்து வாங்க வீடுவீடாகப் போகிறார் அதிகாரி. கோபத்தில் ஒருவன் அட்டையைத் தட்டிவிடுகிறான். தட்டிய கீறலே கையெழுத்தாகிவிடுகிறது. மண்டபம் முகாம் இருக்கும் கரையில் பதிவு, தலைக்கணக்கு, அனுமதிச்சீட்டு என்றால் என்னவென்று தெரியும். அந்த முகாமுக்கே நீண்ட கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களைத் தடுத்துவைத்துச் சோதித்த இடம் அது. போகிறவர்களுக்குக் கட்டிய முகாம் வருகிறவர்களுக்கானது. படத்துக்கும் ஒரு கறை உண்டு: நைஜீரியர்களை மனித மாமிசம் தின்னும் ரவுடிகளாகவே காட்டியதற்காக நைஜீரிய அரசு அதைத் திரையிட வேண்டாம் என்றது. அந்நியனை வெறுக்காதே என்று சொல்லவந்த படம் பக்கத்து அந்நியனைக் கோட்டை விட்டதைப் பார்வையாளர்களிடம் மறைக்காதீர்கள்.

அதில் மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல். முகாம்வாசிகளை ஏளனமாக ‘இறால்’ என்று கூப்பிடுகிறார்கள். அடியில் கிடப்பதைப் பொறுக்கித் தின்பது என்ற அர்த்தத்தில் வசவு. ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டுக்குள் வரும் ஒரு பெரிய வெட்டுக்கிளி இனத்துக்கும் அந்தப் பேர் உண்டு. கிலோவுக்கு 30 எண்ணமா 40 எண்ணமா என்று பார்த்து விலை வைக்கும் ஊரில் ‘இறால்’ என்றால் வசவு எப்படி ஆகும்? சிரிப்புதான் வரும். ‘வந்தேறி’ என்று போடலாம். குத்து சரியாக விழும், ஆனால் அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டு அரசியலில் வேறு ஆட்கள் ஞாபகத்துக்கு வருவார்கள், பேச்சு திசைமாறிவிடும். ‘இறால்’ என்றே வைத்துவிட்டு, படம் தொடங்கும் முன் இரண்டு வரியில் இது அங்கே கெட்டவார்த்தை என்று சொல்லிவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், திரையிட ஏற்றது. விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுக்காரர்கள் விடியுமுன் போவார்கள், அவர்களை ராத்திரி வெகுநேரம் உட்காரவைக்கக் கூடாது. முழு இருட்டு ஏழே முக்காலுக்குத்தான் கூடும். ஏழரைக்குத் தொடங்கிப் பேச்சை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். 145 நிமிட ‘இண்டிபென்டன்ஸ் டே’யை ஏழே முக்காலுக்கு ஆரம்பித்தால் பத்து தாண்டிவிடும். அதில் முதல் முக்கால் மணி நேரமும் அதிபர் பேச்சும் போதும், நடுப்பகுதியை வாயால் சொல்லிவிடலாம். யாரும் எதையும் இழக்கப்போவதில்லை. ஓடிடி சந்தா கட்டியிருந்தால் ஊருக்குப் போட்டுக்காட்டலாம் என்று நினைக்காதீர்கள், பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

துணித்திரை கடற்கரையில் பாய்மரம்தான். 12 அடிக்கு 6.75 அடித் திரையின் மேல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் 35, 40 கிலோ இழுக்கும். மே கடைசியில் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் மூங்கில் தாங்காது. சமுதாயக்கூடச் சுவர் இருந்தால் அதற்கு இரண்டு பூச்சு வெள்ளையடித்துப் பயன்படுத்துங்கள். சுண்ணாம்பில் வழக்கம்போல நீலம் போட்டுவிடாதீர்கள். மனிதத் தோல் பிணநிறத்தில் தெரியும், யார் வேற்றுக்கிரகவாசி என்று குழம்பிப்போவார்கள். அந்த அளவுக்கு 3,500 லூமென் புரொஜெக்டர் தாராளம், பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாமல் ‘அன்சி’ (ANSI) தர அளவு என்று குறிப்பிட்டிருக்கிறதா பாருங்கள். சாதாரண லென்ஸுக்கு அகலத்தின் ஒன்றரை மடங்கு தூரம், அதாவது 18 அடி.

படையெடுப்புப் படங்களில் அடிக்கடி சொதப்புவது ஒலி. வெடிச்சத்தம் பெட்டியைக் கிழிக்கும், பேச்சு அலையோசையில் கரைந்துவிடும். ஆறு தட ஒலியை இரண்டு பெட்டிக்குக் குறைக்கும்போது நடுத்தடத்தில் இருக்கும் பேச்சு அமுங்குவதுதான் காரணம். பிளேயரில் ஸ்டீரியோ கலவையைத் தேர்ந்தெடுத்து, தாழ்ந்த சுரத்தைக் குறைத்து, பெட்டிகளை உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் ஏற்றிவையுங்கள். ஜெனரேட்டர் காற்று போகும் பக்கம் நூறு அடி தள்ளி இருக்கட்டும். லென்ஸில் உப்பு படியும். துணியை எடுத்து நேராகத் தேய்த்தால் உப்புத்துகள் கோடு போட்டுவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த நீர் தொட்ட மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள்.

மைக்கில் தமிழில் சொல்பவர் ஒருவராக இருக்கட்டும். வசனத்துக்கு மேல் பேசக் கூடாது, அது முடிந்ததும் ஒரே வாக்கியம். ‘அரைவல்’ போடும்போது அவருக்குக் கஷ்டகாலம். அந்தப் படம் முழுக்க ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. பன்னிரண்டு கப்பல்கள் பன்னிரண்டு இடங்களில் நிற்கின்றன. வந்தவர்கள் எழுதிக்காட்டிய ஒரு குறியை ராணுவங்கள் போர்க்கருவி என்று படிக்கின்றன, மொழியறிஞர் வேலைக்கருவியாகவும் இருக்கலாமே என்கிறார். சீனா தாக்கத் தயாராகிறது. தமிழில் இதற்கு ‘ஆயுதம்’ என்று போட்டால் கதையே கவிழ்ந்துவிடும். ஆயுத பூசையன்று என்ஜினுக்கும் வலைக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் தெளித்துப் பொட்டு வைக்கிற ஊரில் அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு அர்த்தமும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. பூமியில் முதலில் அந்தக் குறியைப் படித்தது ஒரு தமிழனாக இருந்திருந்தால் படம் அரைமணியில் முடிந்திருக்கும் என்று சொல்லிச் சிரிக்கலாம். படத்தின் பதற்றம் அவர்கள் மொழி இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால் வருவது என்று கூட்டத்துக்குச் சொல்ல வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தமிழ் சினிமாவில் வேற்றுக்கிரகவாசி வந்தான், படையெடுக்கவில்லை. 1963ல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் வந்தவர்கள் அறிவியலில் கரைகண்டவர்கள், அவர்கள் உலகில் கலை இல்லை, அதற்காக ஒரு பாடகியைத் தூக்கிப்போகிறார்கள். மண்ணையோ தண்ணீரையோ கேட்கவில்லை, பாட்டைக் கேட்கிறார்கள்! மேற்கே விஞ்ஞானம், நம்மிடம் கலை என்று மேடைதோறும் பேசிய காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான படையெடுப்பு கிடையாது. 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ படத்தில் வந்தவன் விவசாயிக்கு நண்பன். பூமியை ஆழத் துளைத்து எரிவாயு எடுக்க வரும் கம்பெனிதான் படையெடுப்பாளன். ஹைட்ரோகார்பன் கிணறு என்ற சொல் டீக்கடைக்கு வந்துவிட்ட மாவட்டத்தில் அதைப் புரியவைக்க மைக் வேண்டாம்.

நிஜமாகவே கடலிலிருந்து வந்து தாக்கியவனும் நமக்கு உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்துவிட்டுப் போனது. ஜனங்கள் மூட்டை கட்டி ஊரைக் காலி செய்தார்கள். அந்தப் பீதியில் மிச்சமிருப்பது ‘அவன் பெரிய எம்டன்’ என்ற பேச்சு. அதிலும் பாதி பாராட்டு. குண்டு விழுந்தது வெள்ளைக்காரன் சொத்தில் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

‘அயல்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். அயல்நாடு தூரத்தில் இருப்பது. அயல்வீடு மதில் ஒட்டியிருப்பது. தனுஷ்கோடி முனையில் நிற்பவருக்குத் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர், ராமநாதபுரம் டவுன் அதைவிடத் தூரம். அக்கரையில் சித்தப்பா வீடு இருக்கும், அதே அக்கரையிலிருந்து ரோந்துப் படகும் வரும். இரவில் தொடுவானத்தில் ஒரு விளக்கு தெரிந்தால் இங்கே படகில் இருப்பவர் முதலில் பார்ப்பது அதன் உயரத்தையும் நிறத்தையும். அடுத்துத் தன் என்ஜின் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று.